வெள்ளையில் வெள்ளை

பாண்டி பஜாரில் ஒரு பாத்திரக் கடைக்கும் ஒரு ரெடிமேட் கடைக்கும் நடுவே ஏறிய குறுகலான மாடிப்படிக்கு மேல் அச்யுத்தின் கம்பெனி இருந்தது. கம்பெனி என்று அச்யுத்தான் சொல்லிக்கொண்டான். மூன்று கம்ப்யூட்டர், ஒரு மோடம், ஒரு டெலிபோன். மோடம் பேசும்போது டெலிபோன் வாயை மூடிக்கொள்ளும், அவ்வளவுதான் அதன் சொத்து. தொண்ணூற்றெட்டாம் வருஷம் அது. இன்டர்நெட் என்றால் என்ன என்று தெரிந்தவர்களைவிட, அதில் தன் கடைக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள் அதிகம். பட்டுப்புடவைக் கடைக்காரர் வந்தார், கல்யாண மண்டபத்துக்காரர் வந்தார், தோல் பை ஏற்றுமதி செய்கிறவர் வந்தார். அச்யுத் எல்லோருக்கும் பக்கம் போட்டுக் கொடுத்தான். கொஞ்ச நாள் கழித்து எல்லோரும் ஒரே குறையோடு திரும்பி வந்தார்கள். பக்கம் இருக்கிறது, பார்க்கத்தான் ஆளைக் காணோம்.

ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பது மாளவிகாவின் வேலை.

அமெரிக்காவில் இருக்கும் சர்ச் என்ஜின்கள் உலகத்துப் பக்கங்களை எல்லாம் படித்து வைத்துக்கொண்டு, யாராவது ஒரு வார்த்தையைத் தட்டினால் அந்த வார்த்தை இருக்கும் பக்கங்களை வரிசையாக எடுத்து நீட்டும். அந்த வரிசையில் முன்னால் போய் நிற்க ஒரு குறுக்கு வழி உண்டு. பக்கத்தின் பின்னணி வெள்ளை. அடியில் காலியாகத் தெரிகிற இடத்தில், வெள்ளை எழுத்தில், ஜனங்கள் தேடக்கூடிய வார்த்தைகளைத் திரும்பத் திரும்ப அடித்து வைப்பாள். வெள்ளையில் வெள்ளை மனுஷக் கண்ணுக்குத் தெரியாது. என்ஜினுக்குக் கண் இல்லை, எழுத்து மட்டும்தான். இத்தனை தடவை சொல்கிறானே, இவனிடம் சரக்கு இருக்கும் என்று நம்பி முன்னால் தூக்கி நிறுத்திவிடும்.

இது தப்பு என்று அவளுக்குத் தோன்றியதில்லை. பட்டுப்புடவைப் பக்கத்தில் நகை என்று ஒளித்து வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? நகை தேடி வந்தவர்கள் புடவையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். தெருவில் நின்று கூவிக் கூப்பிடுகிற கடைப் பையன் செய்வதைத்தான் நானும் செய்கிறேன், கொஞ்சம் சத்தம் போடாமல் செய்கிறேன் என்றே நினைத்திருந்தாள்.

டாக்டர் ஜவஹரின் பக்கம் வந்தபோதுதான் விஷயம் வேறாயிற்று. அடையாறு காந்தி நகரில் மூட்டு வலிக்கு எண்ணெய் போட்டு நீவி விடுகிற பரம்பரை வைத்தியர் அவர். நல்ல கை என்று பெயர். பக்கத்தில் போகும் ஒவ்வொரு எழுத்தையும் தாமே படித்துப் பார்த்து, அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். முழங்கால், இடுப்பு, கழுத்து, அவ்வளவுதான் அதில் இருந்தது. ஆள் வரவில்லை.

"மூட்டு வலியை நெட்ல யாரு தேடுவா மாளவிகா?" என்றான் அச்யுத். "நெட் வச்சிருக்கிறவனுக்கு முப்பது வயசு. அவன் மூட்டு நல்லாத்தான் இருக்கும். அவன் தேடறது ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்கு வந்த வியாதியை. ஷுகர், ஹார்ட், கிட்னி. அதைப் போடு."

"அவர் கிட்னிக்குப் பார்க்கறதில்லையே சார்."

"பார்க்கறார்னு நாம எங்க சொல்றோம்? கண்ணுக்கே தெரியாத எழுத்து. வந்தவன் எண்ணெய் வாங்கிட்டுப் போகட்டும். சும்மா பொத்தாம்பொதுவா போடாத. நெஜமா ஒருத்தன் உக்காந்து என்ன அடிப்பானோ, அதை அப்படியே போடு."

நிஜமாக உட்கார்ந்து அடிக்கும் ஒருவனை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய அண்ணன் சாய்சரண். கலிபோர்னியாவில் பாலங்களுக்குக் கணக்குப் போடும் இன்ஜினியர். மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் அவர்கள் வீட்டில், அப்பா கபாலி சாருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாய்சரண் போன் செய்யும்போதெல்லாம், அந்த வாரம் என்னென்ன தேடினான், என்ன வார்த்தை போட்டான், ஒன்றும் அகப்படவில்லை என்று தங்கையிடம் சொல்லிப் புலம்புவான். கிட்னி ஃபெயிலியர், கிரியாட்டினின், டயாலிசிஸ் இல்லாமல், ஆபரேஷன் இல்லாமல், சென்னை. மாளவிகா அவற்றை அப்படியே எடுத்து டாக்டர் ஜவஹரின் பக்கத்துக்கு அடியில், வெள்ளையில் வெள்ளையாக, வரிசை வரிசையாக அடித்து வைத்தாள்.

அண்ணன் கண்ணில் படுமே என்று தோன்றாதா என்றால், தோன்றவில்லை. ஆபீஸ் வேறு, வீடு வேறு என்று இருந்துவிட்டாள். வேலை நன்றாக வந்திருக்கிறது என்ற திருப்திகூட அன்று இருந்தது. அந்தத் திருப்தியைத்தான் பின்னால் அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

கபாலி சாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கணக்கு வாத்தியார். ரிடையர் ஆகும்வரை, பள்ளிக்கூட வாசலில் வைக்கும் ரேங்க் போர்டைத் தம் கையால் எழுதியவர். அவருக்கு உலகம் என்பது முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க், மற்றவர்கள். கல்யாணத்துக்குப் பார்த்த மாப்பிள்ளைகளைக்கூடப் பத்தாவதில் எத்தனாவது என்று கேட்டுத்தான் தள்ளினார். டயாலிசிஸுக்கு அனுப்பிய சிறுநீரக டாக்டரையும் விடவில்லை. மெடிக்கல் காலேஜில் நீங்கள் எத்தனாவது என்று கேட்டார். மூன்றாவது என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றிலிருந்து சாருக்கு அவர்மேல் ஒரு மாற்றுக் குறைவுதான்.

டயாலிசிஸை அவர் வெறுத்தார். தடி ஊசி குத்திக் குத்தி இடது கை கயிறு முறுக்கின மாதிரி ஆகிவிட்டிருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். தண்ணீர்தான் அவரால் பொறுக்க முடியாத விஷயம். சிறுநீரகம் வேலை செய்யாதவன் குடிக்கும் தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும் என்று டாக்டர் அளந்து கொடுத்திருந்தார். மே மாசத்துக் கத்திரி வெயிலில், தொண்டையை நனைக்க ஐஸ் துண்டை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "ஒரு சொம்பு ஜலம் கடகடன்னு குடிக்கணும்டி. அப்புறம் என்ன ஆனாலும் சரி" என்பார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"மாலு! அடையாறுடி! நம்ம அடையாறு!" என்று சாய்சரண் கத்தினான். "நான் உலகம் பூரா தேடிண்டிருக்கேன், அது நம்மாத்துலேர்ந்து ஆட்டோ தூரத்துல இருக்கு! கிட்னி, டயாலிசிஸ் இல்லாம, சென்னை, எல்லாம் போட்டேன். முதல்ல வந்து நிக்கறார் மனுஷன். டாக்டர் ஜவஹர்னு பேர்."

மாளவிகா "அண்ணா, அது வந்து…" என்று ஆரம்பிப்பதற்குள் அப்பா ரிசீவரைக் கையிலிருந்து வாங்கிவிட்டார்.

"முதல்லன்னா? எத்தனை பேர்ல முதல்?"

ஆயிரக்கணக்கில் என்று அண்ணன் சொன்னது அவளுக்கும் கேட்டது.

"உலகத்துலயா?" என்றார் அப்பா. பதிலைக் கேட்டுவிட்டு ரிசீவரைக் கீழே வைத்தபோது, தம் பள்ளிக்கூடத்துப் பையன் மாநிலத்தில் முதலாக வந்த வருஷம் இருந்த முகம் அவருக்கு வந்திருந்தது. அம்மா விசாலாக்ஷி மாமி சமையலறையிலிருந்து ஓடி வந்து, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவாமி படத்துக்கு முன்னால் நின்றாள்.

மாளவிகா மென்று விழுங்கவில்லை. அந்த நிமிஷமே சொல்லிவிட்டாள். அவர் எண்ணெய் வைத்தியர், கிட்னிக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை, அந்த வார்த்தைகளை நான்தான் ஒளித்து வைத்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னாள். மறுநாள் ஆபீஸிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் எல்லாம் கறுப்பில் தெரியும்படி ஒரு தாளில் அச்சடித்தும் கொண்டுவந்து காட்டினாள். கபாலி சார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி மேலிருந்து கீழே படித்தார்.

"ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கே."

"அதைத்தாம்பா சொல்றேன். அதைப் பார்த்து ஏமாந்துதான் முதல்ல போடறது."

"பரீட்சையில ஒருத்தன் ஒரே வார்த்தையைப் பக்கம் பக்கமா எழுதி வச்சா நான் மார்க் போடுவேனா? சுழிதான் போடுவேன். சாதாரண பள்ளிக்கூட வாத்தியார் நானே ஏமாற மாட்டேன். அமெரிக்காக்காரன் கட்டின மிஷின் ஏமாறுமா?"

"அந்தப் பக்கத்துல கிட்னின்னு வெளிப்படையா ஒரு எழுத்து இருக்காப்பா? அவரே சொல்லிக்கலையே."

"சொல்லிக்கலை. மத்தவா சொல்றா. அதுதான்டி பெருமை."

கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு மதி எங்கே போயிற்று என்பார்கள். கபாலி சாருக்கு மதிக்கு ஒரு குறைவும் இல்லை. ஆனால் இந்தக் கேப்பை அமெரிக்காவிலிருந்து, பெற்ற பிள்ளை வழியாக வந்திருந்தது. அதுவும் முதல் ரேங்க்கோடு.

அப்பாவை மாற்ற முடியாது, வைத்தியரையாவது பார்ப்போம் என்று மாளவிகா அடையாறுக்குப் போனாள். காந்தி நகர் வீட்டு வராந்தாவில் உட்கார இடமில்லை. காலை நீட்டிக்கொண்டு முழங்காலைத் தடவுகிறவர்கள் ஓரமாக ஒதுங்கியிருந்தார்கள். மற்றவர்கள் முகம் வெளுத்து, கண்ணுக்குக் கீழே வீங்கி, கையில் ஸ்கேன் கவர்களோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்த முகங்களை அவளுக்குத் தெரியும். அவள் வீட்டிலேயே ஒன்று இருந்தது.

"எங்கப்பா உங்ககிட்ட வருவார் டாக்டர். கிட்னிக்கு நான் பார்க்கறதில்லைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ. அது போதும்."

ஜவஹர் கெட்ட மனுஷர் இல்லை. அவளை உட்காரச் சொல்லி, காபி வரவழைத்துக் கொடுத்தார். "ஆரம்பத்துல எல்லாருகிட்டயும் அதைத்தாம்மா சொன்னேன்" என்றார். "கனடாலேர்ந்து ஃபேக்ஸ் வருது, மலேசியாலேர்ந்து போன் வருது. எல்லாம் கிட்னி, கிட்னி. இல்லைன்னா, மறைக்கிறீங்கன்னு கோவிச்சுக்கறாங்க. ஒரு பெரியவர் கால்ல விழுந்துட்டாரு. நானே குழம்பிட்டேன். அப்புறம் என் மச்சான் கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டினான். உலகத்துலயே நான்தான் முதல்ல நிக்கறேன். எனக்கே தெரியாம என் கையில என்னமோ இருக்குன்னுதானே அர்த்தம்? எங்க பெரியப்பா நீர்க்கடுப்புக்கு ஒரு கஷாயம் போடுவாரு. அதைக் கொஞ்சம் மாத்திக் குடுக்கறேன்."

"டாக்டர், அதெல்லாம் நான் அடிச்ச வார்த்தை. கண்ணுக்குத் தெரியாம அடியில அடிச்சு வச்சேன்."

"நீ அடிச்சது எண்ணெயைப் பத்திம்மா. ஒரு எழுத்து விடாம நான்தானே படிச்சுக் கையெழுத்துப் போட்டேன்" என்று அவர் பரிவோடு சிரித்தார்.

அவள் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். அங்கிருந்து நேரே பாண்டி பஜாருக்குப் போய், ஜவஹரின் பக்கத்தைத் திறந்து, அடியில் காலியாகத் தெரிந்த இடத்தை மௌஸால் இழுத்தாள். வெள்ளை எழுத்துகள் நீலப் பட்டையில் பளிச்சென்று எழுந்து நின்றன. ஒரே தட்டில் அழித்தாள். பழைய பக்கத்தை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றினாள். மறுபடி வந்து படித்துப் போ என்று எல்லா சர்ச் என்ஜின்களுக்கும் மனுவும் போட்டாள். அச்யுத் விஷயம் தெரிந்து குதித்தான். "கிளையன்ட் சந்தோஷமா இருக்கான், கூட்டம் அள்ளுது, நீ இப்பப் போய் அதைக் கெடுக்கறியே" என்றான். எங்கப்பா செத்துடுவார் சார் என்று அவள் சொன்னதும் குதிப்பதை நிறுத்தினான். ஆனால் அவனும் ஒன்று சொன்னான். அது நியாயமான பேச்சு.

"நீ இங்க அழிச்சா அங்க அழியாதும்மா. என்ஜின் ஒரு வாட்டி படிச்சு மனப்பாடம் பண்ணி வச்சுக்கும். திரும்பி எப்ப வந்து படிக்கும்னு அதுக்கே தெரியாது. வாரம் ஆகலாம், மாசம் ஆகலாம்."

இது அவளுக்கும் தெரியாததல்ல. ஏற்றுகிறபோது சீக்கிரம் ஏறட்டும் என்று வேண்டிக்கொண்டவள், இறக்குகிறபோது எத்தனை நாளாகும் என்று அதுவரை கணக்குப் பார்த்ததில்லை. அழித்தாயிற்று, இனிமேல் வராது, போட்டுப் பார் என்று அண்ணனுக்கு ஈமெயில் அனுப்பிவிட்டு, வராமல் இருக்க வேண்டுமே என்று கபாலீஸ்வரரை வேண்டிக்கொண்டாள். கடவுளுக்கு அன்று வேறு வேலை இருந்தது போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "இன்னும் முதல்லயே இருக்கே மாலு" என்றான் சாய்சரண். குரலில் கோபம் இல்லை, பாவம் என்ற தோரணைதான் இருந்தது. "நீ எதையோ அழிச்சேன்னே. ஆனா ரேங்க் அசையவே இல்லை. அதான் சொல்றேன், நீ போட்டதுனால வந்ததில்லை அது."

"அது பழைய காப்பியை வச்சுண்டு சொல்றது அண்ணா! வாசல்ல நாம பேரை மாத்தினாலும், தபால்காரன் பழைய பேரையே நினைவு வச்சுண்டு வரலையா? அது மாதிரி. கொஞ்ச நாள் பொறு. ஒரே ஒரு மாசம். அதுவரைக்கும் அப்பாவை டயாலிசிஸை விடச் சொல்லாதே."

ஆனால் கபாலி சார் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாலு, இப்படிப் பாரு" என்றார். அவர் குரல் பிளாக்போர்டுக்கு முன்னால் நிற்கிற குரலாகிவிட்டது. "நீ போட்டதால வந்துதுன்னா, நீ எடுத்ததும் போயிருக்கணும். எடுத்துட்டே. போகலை. ஆகவே நீ போட்டதால வரலை. எங்கே தப்பு, சொல்லு?"

கணக்கில் தப்பில்லை. அதுதான் கொடுமை. அவள் அழித்ததையே அவர் சாட்சியாக நிறுத்திவிட்டார். அவள் அழிக்காமலே இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சமாவது சந்தேகம் மிஞ்சியிருக்கும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, பிறகு அதைப் பிடிக்கப் போய் இன்னும் உள்ளே ஓட்டிவிட்ட கதையாயிற்று. மாளவிகா ஹாலிலேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். விசாலாக்ஷி மாமி அவள் தலையைத் தடவிக்கொண்டே, "அவர் சிரிச்சு எத்தனை நாளாச்சு. நீ எதுக்குடி குறுக்கே நிக்கறே?" என்றாள்.

கஷாயம் வந்தது. டயாலிசிஸ் மிஷினும் கஷாயமும் ஒன்றாக ஒத்துக்காது, ஒன்றை விட வேண்டும் என்று ஜவஹர் சொன்னாராம். டயாலிசிஸை நிறுத்தினால் இரண்டு வாரம் தாங்காது என்று சிறுநீரக டாக்டர் எச்சரித்தார். மாளவிகா அவரை வீட்டுக்கே அழைத்து வந்தாள். அவர் படித்துப் படித்துச் சொன்னார். கபாலி சார் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு, "தேர்ட் ரேங்க்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். ஜலம் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று ஜவஹர் சொல்லியிருந்தார்.

அன்று சாயங்காலம் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பெரிய பித்தளைச் சொம்பில் பானைத் தண்ணீரை வாங்கி, அண்ணாந்து, கடகடவென்று கபாலி சார் குடித்தார். கழுத்து ஏறி இறங்கியது. தண்ணீர் மார்பில் வழிந்தது. சொம்பை இறக்கிவிட்டுக் குழந்தை மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து மாளவிகாவுக்கே ஒரு கணம், தான்தான் தப்போ, உலகத்தில் தனக்குத் தெரியாத அதிசயம் நடக்கக்கூடாதா என்று தோன்றியது. அந்த ஒரு கணம் அவளும் நம்பினாள்.

முதலில் ஊசியின் அலுப்பு இல்லாததால் தெம்பாகவே இருந்தார். டயாலிசிஸ் வார்டில் பக்கத்துக் கட்டிலில் படுப்பவர் மெஹபூப் அலி, லஸ் பக்கம் படங்களுக்குச் சட்டம் போடுகிற கடைக்காரர். அவர் வீடுவரை கபாலி சார் ஆட்டோவில் போய், அடையாறு வைத்தியரைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்தார். பிறகு பாதம் வீங்கியது. அடுத்து முகம். விக்கல் வந்தால் நிற்கவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு. கெட்ட நீர் வெளியேறுகிறபோது அப்படித்தான் இருக்கும் என்று ஜவஹர் சொன்னார். மாளவிகா தினமும் கெஞ்சினாள், சண்டை போட்டாள், சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். தினமும் ஆபீஸுக்குப் போனதும் அதே வார்த்தைகளைத் தட்டிப் பார்த்தாள். டாக்டர் ஜவஹர் முதலிடத்திலேயே நின்றார்.

ஒரு விடியற்காலையில் மூச்சு விட முடியாமல் கபாலி சார் எழுந்து உட்கார்ந்தார். நுரை தள்ளியது. ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு போகும்போது, மந்தைவெளி தாண்டுகிற இடத்தில், மகள் முகத்தைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரியில் இறக்கியபோது, இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

இதயம் நின்றுவிட்டது என்பதையே விசாலாக்ஷி மாமி பிடித்துக்கொண்டாள். ஹார்ட் அட்டாக், தூக்கத்துலேயே போயிட்டார், புண்ணியவான் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். சாய்சரண் பறந்து வந்து, காரியங்கள் எல்லாம் செய்தான். வைத்தியரைப் பற்றி அவனும் பேசவில்லை, மாளவிகாவும் பேசவில்லை. பதின்மூன்றாம் நாள் சுபம் ஆனதும் கலிபோர்னியாவுக்குத் திரும்பிப் போனான். ஏர்போர்ட்டில் தங்கையின் முகத்தைப் பார்க்காமலே கை அசைத்தான்.

அவன் போன பிறகு மெஹபூப் அலியின் மனைவி ஹாஜிரா பீ துக்கம் கேட்க வந்தாள். விசாலாக்ஷி மாமியிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஐயரு எங்க வூட்டாண்ட வந்து ஒரு டாக்டரைப் பத்திச் சொன்னாரும்மா. அமெரிக்காவுல அவர்தான் ஃபஸ்ட்டுன்னு. எங்க ஊட்டுக்காரரு, இனிமே மிஷினு வேணாம், அங்கதான் இட்டுக்கினு போன்னு ஒரே அயிச்சாட்டியம் பண்ணிக்கினு கீறாரு. அட்ரஸ் இருந்தா குடும்மா."

"எழுதித் தரேன். எங்காத்துக்காரருக்குக்கூட கஷாயம் நன்னாத்தான் கேட்டுது. பாழாப்போன ஹார்ட்டுதான்…" என்று விசாலாக்ஷி மாமி சொல்லிக்கொண்டே பேனாவைத் தேடினாள்.

"அம்மா, பொய் சொல்லாதே" என்றாள் மாளவிகா. சத்தமாகத்தான் சொன்னாள். "ஹார்ட் இல்லை. அந்தக் கஷாயத்தைக் குடிச்சு, டயாலிசிஸை விட்டுத்தான் அப்பா செத்துப்போனார். உடம்பு பூரா தண்ணி. அந்த வைத்தியர் ஃபர்ஸ்ட்டும் இல்லை ஒண்ணும் இல்லை. என் கையால நான் போட்ட பொய் அது. உங்க வீட்டுக்காரரை எங்கேயும் அழைச்சுண்டு போகாதீங்கோ."

விசாலாக்ஷி மாமி மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஹாஜிரா பீ சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த கபாலி சார் படத்தைப் பார்த்தாள். சட்டம் அவள் கணவர் கடையில் போட்டதுதான்.

"இன்னாம்மா சொல்றே" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அவர் வாய்ல துணி அடைச்சாச்சும் நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன்."

அவள் நம்பிவிட்டாள். மாளவிகா அச்சடித்துக் காட்டியதை நம்பாதவர்கள், அழித்துக் காட்டியதை நம்பாதவர்கள் உண்டு. இவளுக்குச் சுவரில் மாட்டிய படம் போதுமாக இருந்தது. ஒருத்தராவது பிழைத்தாரே என்று மாளவிகாவுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. காந்தி நகர் வராந்தாவில் பார்த்த முகங்கள்தான் கண்ணுக்குள் நின்றன. அவர்கள் வீட்டு விலாசம் எதுவும் அவளிடம் இல்லை.

விசாலாக்ஷி மாமி அதற்கப்புறம் மகளோடு சரியாகப் பேசுவதில்லை. சாப்பிட வா, விளக்கை அணை, அவ்வளவுதான். மாளவிகா அச்யுத்தின் கம்பெனியை விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் அடித்தது. அண்ணன் காரியத்துக்கு வந்து போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவதை விட்டிருந்தான். அதனால் யாரோ என்று நினைத்து எடுத்தாள்.

"மாலு…" என்றான் சாய்சரண். ஐஎஸ்டி லைனில் காற்று அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. "சும்மாதான் போட்டுப் பார்த்தேன். அதே வார்த்தைகள். இப்ப வரலை. கடைசி வரைக்கும் பார்த்துட்டேன், அவர் எங்கயுமே இல்லை. நீ சொன்னது சரியாப் போயிடுத்து மாலு."

மாளவிகா ஹாலைப் பார்த்தாள். நாற்காலி அதே இடத்தில் இருந்தது. பக்கத்து ஸ்டூலில் பித்தளைச் சொம்பு கவிழ்த்து வைத்திருந்தது. அம்மா அதை எடுக்க விடுவதில்லை.

"இரு, அப்பாகிட்ட சொல்றேன்" என்றாள்.

ரிசீவரை மேஜைமேல் வைத்தாள். மாலு, மாலு என்று அது கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்துகொண்டாள். போனில் யார் என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள், வெகு நாளைக்குப் பிறகு அவளாகக் கேட்ட கேள்வி.